இரண்டு வயது மகளுக்கு 22 சொற்கள்தான்: காத்திருக்கலாமா?

ஓசூரை ஒட்டிய ஊரிலிருந்து வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவர் தருமபுரிக்காரர், தாய்மொழி தமிழ். கணவர் வீட்டில் தெலுங்கு. தொழிற்பேட்டை நிறுவனம் ஒன்றில் ஷிப்ட் வேலை என்பதால் பகலில் மகளைப் பார்த்துக்கொள்வது மாமியார். மகளுக்கு 2 வயது 2 மாதம் ஆகிறது. "நோட்டுப் போட்டு எழுதி எண்ணிப் பார்த்தேன். மொத்தமே 22 சொற்கள்தான்" என்கிறார். நாத்தனாரின் மகன் ஒரு மாதம்தான் மூத்தவன். அவன் ஆங்கிலப் பாட்டுகளைக் கடகடவென்று ஒப்பிக்கிறான். ப்ளே ஸ்கூலில் சேர்க்கப் போன இடத்தில், "இரண்டு மொழியைக் கேட்டுக் குழந்தை குழம்பிவிட்டது, இனி வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மாமியாரோ, "இவள் அப்பனும் மூன்று வயதில்தான் வாய் திறந்தான்" என்று நிம்மதியாக இருக்கிறார். வசம்பை உரைத்து நாக்கில் தடவவும் தொடங்கியிருக்கிறார். நாக்கு ஒட்டியிருக்கிறது, வெட்டிவிட்டால் பேச்சு வந்துவிடும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். இணையத்தில் தேடிப் படித்த கணவருக்கு ஆட்டிசமாக இருக்குமோ என்ற பயம்.

ஆனால் இந்தத் தாயைத் தூங்கவிடாமல் செய்வது வேறொன்று. நாத்தனார் மகன் வாசற்படியில் தடுக்கி விழுந்து, உதடு கிழிந்து அழுதபோது மகள் சிரித்திருக்கிறாள். மறுநாள் ஒரு பொம்மைக்காக அவன் கையைக் கடித்திருக்கிறாள். "இரக்கமே இல்லாத பிள்ளை" என்று வீட்டில் யாரோ சொல்லிவிட்டார்கள். உண்மைதானா என்று பார்க்க, இவரே இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுவதுபோல் நடித்திருக்கிறார். அதற்கும் சிரிப்புதான். "நான் வேலைக்குப் போவதால்தான் இப்படி ஆனதா? வேலையை விட்டுவிடட்டுமா?" என்று கேட்கிறார்.

அம்மா, உங்கள் கடிதத்தில் நீங்கள் அடிக்கோடிட்டிருந்த வரிகளைவிட, போகிற போக்கில் எழுதிய மூன்று வரிகள்தான் எனக்கு முக்கியமாகப் பட்டன.

மொழிக் குழப்பத்துக்கு உதாரணமாக, "‘தண்ணி ஒத்து’ என்று பாதி தமிழும் பாதி தெலுங்குமாக உளறுகிறாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். பின்குறிப்பில், "எனக்குத் தலைவலி என்று படுத்திருந்தபோது அவளுடைய அழுக்குத் துணிப் பொம்மையைக் கொண்டுவந்து என் முகத்தில் வைத்து அழுத்தினாள், எரிச்சலில் தள்ளிவிட்டேன்" என்கிறீர்கள். இடையில் ஓரிடத்தில், "சளி பிடித்தால் காதில் சீழ் வடியும், இந்தக் குளிர்காலத்தில் மூன்று முறை வந்தது, அத்தை எண்ணெய் காய்ச்சி ஊற்றினால் சரியாகிவிடும்" என்றும் இருக்கிறது. முதல் இரண்டு வரிகளும் உங்கள் கவலைக்கு நல்ல பதில்கள். மூன்றாவது வரிக்காகத்தான் உங்களை அவசரப்படுத்தப் போகிறேன்.

நோட்டில் விடுபட்ட சொற்கள்

முதலில் கணக்கைச் சரிசெய்வோம். நீங்கள் தமிழ்ச் சொற்களை மட்டும் எண்ணியிருக்கிறீர்கள். அதுவும் தெளிவாகச் சொன்னவற்றை மட்டும். இரண்டு மொழி புழங்கும் வீட்டுக் குழந்தைக்கு இரண்டு மொழிச் சொற்களையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். தண்ணீருக்கு உங்களிடம் ஒரு சொல்லும் பாட்டியிடம் வேறு சொல்லும் சொன்னால் அவை இரண்டு சொற்கள். நாயைப் பார்த்து எப்போதும் "பௌ பௌ" என்றால் அதுவும் ஒரு சொல். வண்டிக்கு "டுர்ர்", சோற்றுக்கு "மம்மு" எல்லாமே கணக்கில் வரும். முழுச் சொல் வாயில் வராமல் முதல் அசையை மட்டும் சொன்னாலும், ஒரே பொருளுக்கு ஒவ்வொரு முறையும் அதையே சொன்னால் அது சொல்தான். அவள் பகல் முழுவதும் இருப்பது தெலுங்கு பேசும் பாட்டியிடம். அந்த நேரத்துச் சொற்கள் உங்கள் நோட்டுக்குள் வர வழியே இல்லை. பாட்டியையும் உட்கார வைத்துப் புதிதாக ஒரு பட்டியல் போடுங்கள். 22 கணிசமாகக் கூடிவிடும் என்பது என் எதிர்பார்ப்பு.

அடுத்து அந்த ‘உளறல்’. ஒத்து என்றால் தெலுங்கில் வேண்டாம். இரண்டு வயதில் மருத்துவர்கள் தேடுவது இதைத்தான்: இரண்டு சொற்களைத் தானாகச் சேர்த்து ஒரு கருத்தைச் சொல்வது. அது ஒரே மொழியில் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இரு மொழிக் குழந்தைகள் கையில் கிடைக்கும் சொல்லை எடுத்து வேலையை முடித்துக்கொள்கிறார்கள். பெரியவர்களான நாமும் அதைத்தானே செய்கிறோம்? ஒன்றை மட்டும் கவனியுங்கள். இதே ஒத்துவைப் பாலுடனும் சட்டையுடனும் குளியலுடனும் சேர்க்கிறாளா? சேர்த்தால், அவள் கேட்டதைத் திருப்பிச் சொல்லவில்லை, தானே வாக்கியம் கட்டுகிறாள் என்று பொருள். ஒப்பித்தலுக்கும் பேச்சுக்கும் உள்ள வேறுபாடும் இதுதான். நாத்தனார் மகனின் பாட்டு நல்ல நினைவாற்றலைக் காட்டுகிறது, சந்தோஷம். ஆனால் வாய்நிறையப் பாட்டு ஒப்பித்துவிட்டு, தாகம் எடுத்தால் கேட்கத் தெரியாமல் அழும் குழந்தைகளும் உண்டு.

கணவர் படித்த பட்டியல்களைப் பற்றியும் ஒரு விளக்கம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் தன் வளர்ச்சிப் பட்டியலை 2022இல் திருத்தியது. அந்தந்த வயதில் 100 குழந்தைகளில் 75 பேராவது செய்யக்கூடியவற்றை மட்டுமே அதில் வைத்தார்கள். அப்படியானால் ஒன்றைச் செய்யாத மீதிக் குழந்தைகளில் நன்றாக இருப்பவர்களும் உண்டு, உதவி தேவைப்படுபவர்களும் உண்டு. இருவரையும் பிரித்தறிய மருத்துவரிடம் கேளுங்கள் என்பதற்காகத்தான் பட்டியல். வீட்டிலேயே நோயின் பெயரைச் சூட்டிக்கொள்வதற்கு அல்ல. நம் பக்கத்திலேயே, திருவனந்தபுரத்தில் உள்ள குழந்தை வளர்ச்சி மையம் நம் குழந்தைகளுக்கென்று உருவாக்கிய அட்டவணைகள் இருக்கின்றன; மூன்று வயது வரை மொழி வளர்ச்சியைப் பார்க்கத் தனி அட்டவணையும் உண்டு. கரண்டியால் சாப்பிடுகிறாளா என்று அமெரிக்கப் பட்டியல் கேட்கும். உங்கள் வீட்டில் யாருமே கரண்டியால் சாப்பிடுவதில்லை என்றால் அந்தக் கேள்விக்கு அவள் என்ன செய்வாள்? சோற்றை விரல்களால் அள்ளி வாய்க்குக் கொண்டுபோகிறாளா என்று பாருங்கள்.

அப்படியென்றால் உங்கள் மகள் எங்கே நிற்கிறாள்? 24 மாதத்தில் 50 சொற்களுக்குக் கீழே இருந்தாலோ, இரண்டு சொற்களைச் சேர்க்காவிட்டாலோ ‘தாமதமாகப் பேசும் குழந்தை’ என்று கணக்கிடுவது நீண்டகால வழக்கம். அவள் அந்தக் கோட்டை ஒட்டி, மெதுவான பக்கத்தில் நிற்கிறாள். அவளுக்குச் சாதகமானவை நிறைய. "கதவுக்குப் பின்னால் இருக்கும் துடைப்பத்தை எடுத்துப் பாட்டியிடம் கொடு" என்றால் செய்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பேசுவதைவிடப் புரிந்துகொள்வது பல மடங்கு முன்னால் இருப்பது இந்த வயதின் இயல்பு. அந்தப் புரிதல் உறுதியாக இருக்கும் குழந்தைகள் பேச்சிலும் எட்டிப் பிடிக்கும் வாய்ப்பு அதிகம்.

ஆட்டிசம் பற்றிய பயத்துக்கும் உங்கள் கடிதத்திலேயே செய்தி இருக்கிறது. மொட்டை மாடியில் விமானத்தைக் காட்டிவிட்டு, நீங்கள் பார்க்கிறீர்களா என்று திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கிறாள். தனக்கு வேண்டும் என்பதற்காக அல்ல, உங்களோடு சேர்ந்து பார்ப்பதற்காக விரல் நீட்டுகிறாள். வளர்ச்சி மருத்துவத்தில் இதற்குத் தரும் மதிப்பு மிகப் பெரியது. பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் கை கொட்டும் சப்பாணிக்குப் பிறகு நிலாவைக் காட்டும் அம்புலியை வைத்தார்களே, அவர்கள் எவ்வளவு கூர்ந்து குழந்தைகளைப் பார்த்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவது, விரல் நீட்டிக் காட்டுவது, பொம்மைக்குச் சோறு ஊட்டுவது எல்லாம் இருக்கும்போது சொற்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஆட்டிசம் என்று முடிவு கட்ட முடியாது. ஆனாலும் 16 முதல் 30 மாதம் வரை பயன்படுத்தக்கூடிய ‘எம்-சாட்’ என்ற 20 கேள்விகள் கொண்ட முதற்கட்டப் பரிசோதனையைக் குழந்தை மருத்துவரிடம் ஒரு முறை செய்துவிடுங்கள். சில நிமிட வேலை. கணவரின் தூக்கத்துக்கும் நல்லது.

உங்கள் மாமியாரின் நிம்மதியை மட்டும் நான் சற்றுக் கலைத்தாக வேண்டும். அப்பா தாமதமாகப் பேசியது ஆறுதலுக்கான காரணமல்ல. தாமதப் பேச்சு குடும்பங்களில் தொடர்வது உண்மை. அதனாலேயே இப்படிப்பட்ட குழந்தையைச் சற்று முன்னதாகப் பார்க்கச் சொல்வோம். இரண்டு வயதில் பின்தங்கிய குழந்தைகளில் பலர் பள்ளிக்குப் போவதற்குள் சரியாகிவிடுகிறார்கள். யார் சரியாவார், யார் ஆகமாட்டார் என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் யாராலும் முடியாது.

காதை முதலில் பாருங்கள்

காதில் சீழ் வடிகிறது என்றால் பெரும்பாலும் நடுக்காதில் கிருமி தாக்கி, அழுத்தத்தால் செவிப்பறையில் சிறு துளை விழுந்திருக்கிறது என்று பொருள். துளை தானாக மூடிக்கொள்ளும், வலி போய்விடும், எண்ணெய்தான் குணப்படுத்தியது என்ற பெயரும் எண்ணெய்க்குக் கிடைத்துவிடும். துளை உள்ள காதில் எண்ணெய் ஊற்றுவது ஆபத்து. அத்தையிடம் பக்குவமாகச் சொல்லி இன்றோடு நிறுத்துங்கள். பட்ஸ் விட்டுக் குடைவதும் வேண்டாம்.

சீழ் நின்ற பிறகும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தங்கிவிடலாம். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த வாரங்களில் குழந்தைக்கு உலகம் காதில் விரலை வைத்துக்கொண்டு கேட்பதுபோல் கேட்கும். சில நாள் கேட்கும், சில நாள் மங்கும். நீங்கள் "கூப்பிட்டால் சில நாள் திரும்புவதில்லை, பிடிவாதம்" என்று எழுதியிருப்பதை இதோடு சேர்த்துப் படித்தேன்.

"குக்கர் விசில் அடித்தால் ஓடி வருகிறாள், காது நன்றாகவே கேட்கிறது" என்ற உங்கள் வாதம் நான் அடிக்கடி கேட்பது. விசிலும் கதவுச் சத்தமும் பெரும் ஒலிகள். பேச்சில் உயிரெழுத்துகள் உரக்க ஒலிக்கும். ச, ட, க போன்ற ஒலிகள் மெலிந்து ஒலிக்கும். சிறிதளவு கேட்கும் திறன் குறைந்தாலும் முதலில் மறைவது இந்த மெல்லிய ஒலிகள்தான். அதிலும் தமிழும் தெலுங்கும், யார் செய்தார், எப்போது செய்தார் என்பதையெல்லாம் சொல்லின் கடைசியில் ஒட்டிவைக்கும் மொழிகள். பேசும்போது நாம் அந்தக் கடைசிப் பகுதியைத்தான் விழுங்குகிறோம். அரைகுறையாகக் கேட்கும் குழந்தைக்கு ‘வந்தான்’ என்பதும் ‘வந்தாள்’ என்பதும் ஒன்றாகவே போய்ச் சேரும். பிறந்தபோது செய்த காதுப் பரிசோதனையில் தேறினாள் என்பதும் இதற்குப் பதிலாகாது. அது அன்றைய காதைப் பற்றிய சான்று.

எனவே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். செவிப்பறையைப் பார்ப்பார், நடுக்காதில் நீர் இருக்கிறதா என்று அறிய டிம்பனோமெட்ரி, கேட்கும் அளவை அறிய விளையாட்டோடு செய்யும் சோதனை, தேவைப்பட்டால் தூக்கத்தில் செய்யும் பெரா சோதனை என்று படிப்படியாகப் போவார்கள். எதுவும் வலிக்காது. நீர் இருந்தால் உடனே அறுவை என்று பதற வேண்டாம். பெரும்பாலும் மூன்று மாதங்களுக்குள் வற்றிவிடும், அதுவரை கண்காணிப்பார்கள். வற்றாமல் இருந்து, கேட்பதும் குறைந்திருந்தால் மட்டுமே செவிப்பறையில் நுண்குழாய் பொருத்துவது பற்றிப் பேசுவார்கள். இரவில் படுத்தபடியே பாட்டிலில் பால் குடிப்பதும், வீட்டுக்குள் யாராவது புகைபிடிப்பதும் காதுத் தொல்லையைக் கூட்டும். முதலாவது உங்கள் கடிதத்தில் இருக்கிறது. இந்த வயதில் டம்ளருக்கு மாறிவிடலாம்.

சிரித்தாள், கடித்தாள்

இரக்கம் பற்றிய பகுதிக்கு வருகிறேன். முதலில் உங்கள் சோதனையைப் பற்றி. இரு கைகளால் முகத்தை மூடினால் இரண்டு வயதுக் குழந்தைக்கு அது என்ன? ‘அம்மாவைக் காணோம்’ விளையாட்டின் தொடக்கம். அவள் சிரித்தது அதற்குச் சரியான பதில். மேலும், நடிப்பு அழுகைக்கும் நிஜ அழுகைக்கும் உள்ள வேறுபாட்டைக் குழந்தைகள் நாம் நினைப்பதைவிட நன்றாகவே பிடித்துவிடுகிறார்கள். இந்தத் தேர்வை இனி வைக்காதீர்கள்.

பிறர் துன்பத்தை உணரும் திறன் ஒரே நாளில் வந்து இறங்குவதில்லை. பிறந்த சில நாட்களிலேயே ஒரு குழந்தையின் அழுகை கேட்டு இன்னொன்று அழும். அதில் நீ, நான் என்ற பிரிவு இல்லை. ஒன்றரை வயதுக்குப் பிறகு, கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று புரியத் தொடங்கும் அதே காலத்தில், அழுவது நான் அல்ல, வேறொருவர் என்பதும் மெல்லப் புரிகிறது. ஆனால் என்ன செய்தால் அவருக்கு ஆறுதல் என்பது தெரியாது. தனக்கு எது ஆறுதலோ அதைக் கொண்டுவந்து கொடுக்கும். அழும் நண்பனின் அம்மா பக்கத்திலேயே நின்றாலும், தன் அம்மாவைக் கைபிடித்து அவனிடம் இழுத்துப் போகும் குழந்தையைப் பற்றி மார்ட்டின் ஹாஃப்மன் என்ற உளவியலாளர் எழுதியிருக்கிறார். இப்போது அந்த அழுக்குத் துணிப் பொம்மையை நினைத்துப் பாருங்கள். அது இல்லாமல் அவள் தூங்கமாட்டாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தன்னிடம் இருந்ததிலேயே பெரிய மருந்தை எடுத்துவந்து, தலைவலிக்கும் முகத்தில் வைத்து அழுத்தினாள். இவளை இரக்கமில்லாதவள் என்று சொன்னவர் யாரோ, அவருக்கு இந்தப் பின்குறிப்பைப் படித்துக் காட்டுங்கள்.

அப்படியானால் நாத்தனார் மகன் விழுந்தபோது ஏன் சிரித்தாள்? திடீர்ச் சத்தம், விசித்திரமான முகம், ஓடிவரும் கூட்டம். என்ன நடக்கிறது என்று புரியாத பரபரப்பு இந்த வயதில் சில நேரம் சிரிப்பாக வெளிவரும். உணர்வு இருக்கிறது, அதை எப்படிக் காட்டுவது என்ற பழக்கம்தான் இன்னும் வரவில்லை.

உதவுவதும் விட்டுக்கொடுப்பதும் இந்த வயதில் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. வார்னெக்கன், டொமசெல்லோ என்ற இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், 18 மாதக் குழந்தைகள், முன்பின் பழகாத பெரியவர் தவறவிட்ட துணிக் கிளிப்பை யாரும் கேட்காமலே எடுத்துக் கொடுத்தார்கள். கை நிறையப் பொருளோடு நிற்பவருக்கு அலமாரிக் கதவைத் திறந்துவிட்டார்கள். உதவி செய்யும் ஆசை அவ்வளவு சீக்கிரம் வருகிறது. ஆனால் தன் பொம்மையைக் கொடுப்பது உதவியல்ல, இழப்பு. அது எல்லாவற்றுக்கும் கடைசியில் வருவது. இரண்டு வயதில் ‘பகிர்ந்துகொள்’ என்று கட்டளையிடுவதைவிட, இருவரும் சேரும்போது ஒரே மாதிரிப் பொருள் இரண்டு வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

கடிப்பதற்கும் பேச்சுக்கும் தொடர்பு இருக்கிறது. ‘விடு’, ‘என்னுடையது’, ‘தா’ என்ற சொற்கள் வாயில் வராத நேரத்தில் பல் முந்திக்கொள்கிறது. கடித்தால், முதலில் கடிபட்டவனைக் கவனியுங்கள். அவளிடம் குனிந்து, முகத்தைப் பார்த்து, "கடிக்கக் கூடாது, அவனுக்கு வலிக்கிறது" என்று குறைந்த சொற்களில் சொல்லுங்கள். திருப்பிக் கடித்துக் காட்டுவது, வாயில் மிளகாய் வைப்பது, பத்துப் பேர் முன்னால் ‘ஸாரி’ சொல்ல வைப்பது எதுவும் வேண்டாம். ஈரத்துணியை எடுத்துவந்து அவன் கையில் வைக்கச் சொல்லுங்கள். அவள் வயதுக்கு மன்னிப்பு என்றால் அதுதான்.

நம் வீடுகளின் இரண்டு பழக்கங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குழந்தை விழுந்தால், "இந்தத் தரைதானே என் செல்லத்தை அடித்தது?" என்று தரையை அடித்துக் காட்டுகிறோம். வலித்தால் யாரையாவது அடிக்க வேண்டும் என்பதை நாமே சொல்லிக் கொடுக்கிறோம். இன்னொன்று, "தாத்தாவை அடி, பார்க்கலாம்" என்று சொல்லி, அது அடித்ததும் வீடே சிரிப்பது. அவன் அழும்போது உங்கள் மகள் சிரித்தது எங்கிருந்து வந்திருக்கலாம் என்று உங்கள் வீட்டுக்குள்ளும் கொஞ்சம் தேடிப் பாருங்கள்.

ஆங்கிலம், வசம்பு, நாக்கு

இவற்றுக்கு அதிக இடம் தேவையில்லை. இரண்டு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை. நீங்கள் தமிழில் பேசுங்கள், பாட்டி தெலுங்கில் பேசட்டும். உங்களுக்கே சரளமாக வராத ஆங்கிலத்தில் கொஞ்சினால், கோபித்தால், கதை சொன்னால் அவளுக்குக் கிடைப்பது பாதிப் பேச்சுதான். வசம்பு பேச்சைக் கொண்டுவராது. வயிற்றுக்குள் போனால் கெடுதல் செய்யக்கூடிய பொருள் என்பதால் நாக்கில் தடவுவதை நிறுத்துங்கள். நாக்கின் அடிச்சவ்வு இறுக்கமாக இருந்தால் பிறந்த குழந்தை பால் குடிப்பதில் சிரமம் வரலாம், பின்னாளில் சில ஒலிகள் பிசகலாம். சொற்களின் எண்ணிக்கை அதனால் குறையாது. ர, ழ, ள சரியாக வரவில்லை என்றும் இப்போது கவலைப்பட வேண்டாம். பள்ளி வயதுவரை அவற்றுக்கு நேரம் இருக்கிறது.

வீட்டில் என்ன மாற வேண்டும்

மூன்று வேளையும் கைபேசி பார்த்தபடி, வேளைக்கு முக்கால் மணி நேரம் ஊட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். சாப்பாட்டுக்கு மட்டுமே நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், 2 முதல் 5 வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டல். ஊருக்குப் பேசும் வீடியோ அழைப்பு இதில் சேராது. திரை பேசும், ஆனால் பதிலுக்குக் காத்திருக்காது. சாப்பாட்டு நேரத்தில் இழக்கும் பேச்சுதான் எனக்குப் பெரிய கவலை. நாலு நாள் அழுவாள், குறைவாகச் சாப்பிடுவாள். தாங்கிக்கொள்ளுங்கள். தரையில் உட்கார வைத்து, தட்டைக் கொடுத்து, அவளே அள்ளிச் சாப்பிடட்டும், பாதி சிந்தட்டும்.

பேச்சை வளர்க்கத் தனிப் பாடம் எதுவும் வேண்டாம். அவள் எதைப் பார்க்கிறாளோ அதைப் பற்றிப் பேசுங்கள். பேசிவிட்டு நிறுத்துங்கள், மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை அவள் முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள். அவள் ‘பால்’ என்றால் ‘பால் வேண்டும்’ என்று ஒரு சொல் கூட்டித் திருப்பிக் கொடுங்கள். உறவினர்கள் வந்ததும் "இது என்ன சொல்லு, அது என்ன சொல்லு" என்று நடத்தும் தேர்வுகளைத் தடுத்துவிடுங்கள். அதில் வாயடைத்துப் போகும் குழந்தைகளே அதிகம். உள்ளங்கையில் பருப்பு கடைந்து, விரல் விரலாகப் பங்கு கொடுத்து, நண்டு ஊர்ந்து அக்குளுக்கு வரும் விளையாட்டு உங்கள் வீட்டில் உண்டா? அடுத்து என்ன என்று எதிர்பார்ப்பது, தன் முறைக்குக் காத்திருப்பது, கண்ணைப் பார்த்துச் சிரிப்பது எல்லாம் அதிலேயே இருக்கின்றன. இருபது நிமிடம் போதும், ஷிப்ட் முடிந்து வந்த களைப்பிலும் முடியும்.

வேலையை விடுவதா? பேச்சுக்காக விட வேண்டியதில்லை. பாட்டியும் பேசத் தெரிந்தவர்தானே. பாட்டிக்கு முடியாத நாட்களுக்காக ஒரு செய்தி: 2017இல் மகப்பேறு பயன் சட்டத் திருத்தம் கொண்டுவந்து, இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் தொடரும் விதி, 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும் என்றும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்துவர அனுமதிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. உங்கள் நிறுவனத்தில் என்ன ஏற்பாடு என்று எழுத்தில் கேளுங்கள்.

எங்கே போவது

தனியார் மையங்களில் ‘மூன்று மாதத்தில் பேச்சு நிச்சயம்’ என்று மொத்தமாகப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய கார்யக்ரம் என்ற மத்திய அரசுத் திட்டத்தில், பிறப்பு முதல் 18 வயதுவரை வளர்ச்சித் தாமதங்களுக்கும் கேட்கும் குறைபாட்டுக்கும் இலவசப் பரிசோதனை உண்டு. அதன் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிகளுக்கு வரும். குழுவுக்காகக் காத்திருக்காமல், மாவட்ட அரசு மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ இயங்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தை விசாரித்து நேராகப் போகலாம். குழந்தை மருத்துவர், கேட்பியல் நிபுணர், பேச்சுப் பயிற்சியாளர் என்று எல்லோரும் ஒரே கூரையின் கீழ் பார்ப்பது அங்குள்ள வசதி.

காதுக்கு இந்த மாதத்திலேயே போங்கள். மொழி மதிப்பீட்டுக்கு அதிலிருந்து ஓரிரு வாரம் ஆனாலும் பரவாயில்லை. இடையில் அவள் பேசிக்கொண்டிருந்த சொற்களை இழந்தாலோ, விரல் நீட்டிக் காட்டுவதையும் முகம் பார்ப்பதையும் நிறுத்தினாலோ எதற்கும் காத்திருக்காமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்னாலும் மூன்று மாதம் கழித்து ஒரு முறை திரும்பிப் போய்க் காட்டுங்கள். அப்போது பட்டியல் நீண்டிருக்கிறதா, இரண்டு சொற்கள் மூன்றாகியிருக்கின்றனவா என்று தெரிந்துவிடும்.

போகும்போது புதிய சொற்பட்டியல், சீழ் வந்த தேதிகள், அவள் வீட்டில் இயல்பாக விளையாடும் இரண்டு நிமிட வீடியோ ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். மருத்துவமனையில் பல குழந்தைகள் வாயே திறக்கமாட்டார்கள். அத்தையையும் அழைத்துச் செல்லுங்கள். எண்ணெய் வேண்டாம் என்று மருத்துவர் வாயாலேயே அவர் கேட்டுக்கொள்ளட்டும். தெலுங்குச் சொற்களின் கணக்கும் அவரிடம்தான் இருக்கிறது.